ஆகாயத்துக்கு ஒரு டச்சிங்

கீழ்பென்னாத்தூர்,
22-3-1981.

மைத்துனன் காசிக்கு ராஜமாணிக்கம் எழுதுவது.

நீ எனக்கு அநியாயம் செய்துவிட்டாய். நலம் விசாரிப்பதற்கு முன்னால் இதை எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் மரியாதை வார்த்தைகளுக்கு நடுவில் அமுங்கிப் போய்விடும். நான்கு பனிக்காலம் பாடுபட்டு நான் எடுத்த கார்த்திகை நட்சத்திரக் கூட்டத்தின் படத்தில், ஆறே ஆறு நட்சத்திரத்தை விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் பிரஷ்ஷால் மை வைத்து அழித்துவிட்டாய். அழித்ததை என்னிடம் சொல்லவில்லை. அந்தப் படத்தையே என் பெயர் போட்டுச் சென்னை வானியல் சங்கத்துக் கண்காட்சிக்கு அனுப்பினாய். நான் நாலு வார்த்தை கேட்டதும் அங்கிருந்தே பம்பாய்க்கு மகள் வீட்டுக்கு ரயில் ஏறிவிட்டாய்.

இப்போது நலம் விசாரிக்கிறேன். மகளின் பிரசவத்துக்குப் போன உன் மனைவி எல்லம்மாளும், மகளும், பிறந்த குழந்தையும் சுகமா? குழந்தை யார் ஜாடை என்று உன் அக்கா ரேணுகாம்பாள் கேட்கச் சொன்னாள். உன் ஜாடையாக இருந்தாலும் பரவாயில்லை, அதற்குக் குழந்தை என்ன செய்யும்.

இந்தக் கடிதத்தை உன் மாப்பிள்ளைக்குப் படித்துக் காட்டு. நீ அவரிடம் உன் பக்கத்தை மட்டும் சொல்லியிருப்பாய். படித்த பிள்ளை, நியாயம் தெரிந்து கொள்ளட்டும். அவருக்காகத்தான் முதலிலிருந்து எழுதுகிறேன்.

மாப்பிள்ளை, நான் எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவன். நீங்கள் வேர்க்கடலை என்பீர்களே, அந்த மல்லாட்டையை உடைக்கும் மிஷின் வைத்துப் பிழைத்தேன். வானத்தைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. பழைய புத்தகக் கடையில் வாங்கின ஆங்கிலப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். தொலைநோக்கிக்குக் கண்ணாடியை நானே தேய்த்தேன். பழசான மல்லாட்டை மிஷினின் பல்சக்கரத்தை வைத்து, வானம் நகருகிற வேகத்துக்குக் குழாயைக் கையால் சுற்றும்படி ஒரு தாங்கி செய்தேன். உங்கள் மாமனார் தன் திருவண்ணாமலை ஸ்டுடியோவிலிருந்து அப்பா காலத்து மரக் கேமராவைக் கொடுத்தார். அதைத் தொலைநோக்கியின் முதுகில் கட்டினோம். இதுவரைக்கும் அவர் செய்தது நல்லது. நான் மறைக்கவில்லை.

கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றி மெல்லிய மூட்டம் ஒன்று இருக்கிறது. நட்சத்திர வெளிச்சத்தில் மினுங்குகிற வான்தூசி. நெபுலா என்று புத்தகத்தில் போட்டிருக்கிறது. வெறும் கண்ணுக்குத் தெரியாது. என் குழாயிலும் தெரியாது. பிலிம் முக்கால் மணி நேரம் திறந்து கிடந்தால் லேசாகப் பதியும். அந்த முக்கால் மணியும் ஒருவன் குழாயில் கண்ணை வைத்து, ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். நட்சத்திரத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி ஒரு சின்ன வட்டமாக்கிக்கொள்வேன். கண் வைக்கிற கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு முடி ஒட்டியிருக்கும். வட்டத்தை முடிகள் நான்கு சமத் துண்டாக வெட்டுகிறதா என்று பார்த்துக்கொண்டே கைப்பிடியைச் சுற்ற வேண்டும். தும்மினால் போயிற்று. அந்த முடி இரண்டும் உங்கள் மாமனார் போட்டோவுக்கு மை தொட்டு வைக்கிற டச்சிங் பிரஷ்ஷிலிருந்து பிடுங்கினவை. எந்த பிரஷ் என்று கேட்டு வையுங்கள்.

முதல் வருஷம் பனி இறங்கி லென்ஸ் மூடிக்கொண்டது. இரண்டாம் வருஷம் புயல். மூன்றாம் வருஷம் எல்லாம் சரியாக வந்துகொண்டிருக்கும்போது கரெண்ட் வந்து பக்கத்து நிலத்தில் மோட்டார் ஓட ஆரம்பித்தது. அந்த அதிர்வில் நட்சத்திரமெல்லாம் புழு மாதிரி நெளிந்து பதிந்திருந்தது. இந்த வருஷம் மலைத் தீபமெல்லாம் முடிந்து, மார்கழி அமாவாசையன்று, ஊர் சாப்பிட உட்காருகிற நேரத்துக்குக் கார்த்திகை உச்சிக்கு வந்தது. ரேணுகாம்பாள் உப்பை வறுத்துத் துணியில் கட்டி, இடுப்புக்கு ஒத்தடம் கொடுப்பது போல லென்ஸைச் சுற்றிக் கட்டினாள். பனி அண்டவில்லை. லென்ஸ் மூடியைக் கழற்றியது உங்கள் மாமனார். முக்கால் மணி நேரமும் பக்கத்தில் குந்திக்கொண்டு, எந்தக் கல்யாணத்தில் எந்த மாப்பிள்ளை போட்டோவுக்குச் சிரிக்க மறுத்தான் என்று கதை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தும் கையை ஆட்டாமல் வைத்திருந்தேன். அது எவ்வளவு கஷ்டம் என்று அவருக்குத் தெரியும்.

பிலிமைக் கழுவி, "மாமா, பதிஞ்சிருக்குது மாமா!" என்று இருட்டறைக்குள்ளிருந்து கத்தியதும் அவர்தான்.

மாப்பிள்ளைக்கு எழுதியது போதும். இனி உனக்கு.

பெரிய பிரிண்ட் போட்டு நீயே சென்னைக்குப் பார்சல் அனுப்பிவிட்டதாகச் சொன்னாய். நம்பினேன். மாசியில் உன் அக்காவோடு நாம் மூன்று பேரும் பஸ் ஏறிப் போனோம். நீ புதுச் சட்டை போட்டிருந்தாய். நான் மண்டபத்துக்குள் நுழையும்போதே நீ என் படத்துக்குப் பக்கத்தில் நின்று வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்ல ஆரம்பித்திருந்தாய். நான் கிட்டே வந்து பார்த்தேன். கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். சுத்தமான கறுப்பு வானம், அதில் ஆறு நட்சத்திரம், சுற்றிலும் மூட்டம். வேறெதுவும் இல்லை.

சங்கத்துச் செயலாளர் அம்மாள் வந்தார்கள். கல்லூரியில் பாடம் நடத்தியவர்கள். "மற்ற நட்சத்திரங்கள் எங்கே?" என்று கேட்டார்கள். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய். "ஒரே பொடிப்பொடியா இருந்துச்சுங்க. எல்லாத்தையும் க்ளீன் பண்ணிட்டேன். ரெண்டு ராத்திரி வேலைங்க." அந்த அம்மாள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீ விடவில்லை. "கார்த்திகைப் பொண்ணுங்க ஆறு பேருங்க. எங்க ஊரு திருவண்ணாமலை. எங்களுக்குத் தெரியாதா?" என்றாய். பக்கத்தில் நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள்.

உன் கண்ணுக்கு அதெல்லாம் அம்மைத் தழும்பு. எனக்குத் தெரியும். பெண் பார்க்க அனுப்புகிற போட்டோவில் தழும்பை எடுத்து எடுத்துப் பழகின கை. இந்தத் தாலுகாவில் உன் டச்சிங்கால் கல்யாணமான பெண்கள் எத்தனையோ பேர். அவர்களுக்குச் செய். ஆகாயத்துக்கு யார் பெண் பார்க்க வரப்போகிறார்கள்?

சரி, நட்சத்திரம் போனது கூடப் பெரிதில்லை. எது பெரிது என்று சொல்கிறேன், கவனமாகப் படி. அந்த அம்மாள் மூட்டத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்கள். பிறகு மெதுவாக, "இதுவும் பிரஷ் வேலைதானா?" என்று கேட்டார்கள். காசி, நான்கு பனிக்காலம் அந்த மூட்டத்துக்காகத்தான். நீ தொடாத ஒன்றே ஒன்று அதுதான். அதையும் நீ வரைந்தது என்று நினைத்துவிட்டார்கள். அப்போதுதான் நான், உன் கையில் பிரஷ்ஷைக் கொடுத்ததற்குத் துடைப்பத்தைக் கொடுத்திருக்கலாம் என்று சொன்னேன். எல்லோர் முன்னாலும்தான் சொன்னேன். சொன்னது சொன்னதுதான்.

அந்த அம்மாள் நல்லவர்கள். தொடாத பிரிண்ட் ஒன்று வைகாசிக்குள் வந்தால், சங்கத்து மலரில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். இன்னொரு தடவை எடுத்து அனுப்பவும் வழியில்லை. கார்த்திகை மேற்கே இறங்கிக்கொண்டிருக்கிறது. வைகாசியில் சூரியனோடு சேர்ந்து மறைந்துவிடும். ஆகவே இருப்பது ஒரே நெகட்டிவ். அது உன் ஸ்டுடியோவுக்குள் இருக்கிறது. ஸ்டுடியோ பூட்டியிருக்கிறது.

இரும்புப் பட்டறை முருகையன் சுத்தியலோடு வந்து நின்றான். "ரெண்டு நிமிஷ வேலைங்க. ஒரு தட்டு, பூட்டு வாயைப் பொளந்துக்கும்" என்றான். வேண்டாம் என்று அனுப்பிவிட்டேன். ஏன் என்று கேட்டான். உன் அப்பா போட்ட பூட்டு அது. அதையெல்லாம் அவனுக்குச் சொல்ல வேண்டுமா?

ஸ்டுடியோவுக்குப் பக்கத்துப் பூக்கடை ஜோதியம்மாள் உன் கட்சி. நான் தேரடிப் பக்கம் போனாலே பிடித்துக்கொள்கிறாள். "ஆறுதானே ஐயா கணக்கு? காசி சரியாத்தான் செஞ்சிருக்காரு. ஒங்க பைப்புலதான் தூசி ஜாஸ்தி" என்கிறாள். மோர் குடிக்கிறவன், சைக்கிள் துடைக்கிறவன் எல்லாரும் ஆறு ஆறு என்கிறார்கள். ஊர் முழுக்க உன் பக்கம். நான் ஒருத்தன்தான் என் பக்கம். எனக்கு அது போதும்.

தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று. நீ பிரிண்டில் மட்டும் மை வைத்தாயா, அல்லது பிளேடு எடுத்து நெகட்டிவையும் சுரண்டினாயா? பிரிண்ட் என்றால் இன்னொன்று போட்டுக்கொள்ளலாம். நெகட்டிவ் என்றால் எல்லாம் போயிற்று. ஒரு கார்டில் ஒரு வரி எழுது. சாவி எங்கே என்றும் எழுது.

குழந்தைக்கு என் ஆசீர்வாதம். உனக்கு இப்போதைக்கு இல்லை.

இப்படிக்கு,
ராஜமாணிக்கம்.

*

கீழ்பென்னாத்தூர்,
25-4-1981.

மைத்துனன் காசிக்கு ராஜமாணிக்கம் எழுதுவது.

உன் கார்டு வந்தது. ஒரு வரி கேட்டேன், ஓரத்திலெல்லாம் சுற்றிச் சுற்றி எழுதியிருக்கிறாய். குழந்தை எல்லம்மாள் ஜாடை என்றதும் ரேணுகாம்பாளுக்கு நிம்மதி.

சாவி அக்காவிடம் இருக்கிறது என்று நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். பிறகு அடுப்படிக்குப் போய் உன் அக்காவைக் கேட்டேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஆமாம், மண்டபத்து வாசல்லயே குடுத்துட்டுத்தான் போனான். கோபம் கம்மியானதும் குடுக்கலாம்னு வெச்சிருந்தேன். கம்மியாகலியே" என்றாள். இருந்தது எங்கே தெரியுமா? கேழ்வரகு டின்னுக்குள். இவ்வளவு நாளும் நான் தினம் காலையில் அந்த டின்னின் கூழைக் குடித்துவிட்டுத்தான் உன்னைத் திட்ட ஆரம்பித்திருக்கிறேன். அக்காளும் தம்பியும் சேர்ந்து இப்படிச் செய்தீர்கள். இது இரண்டாவது அநியாயம். தனியாகக் குறித்து வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் திருவண்ணாமலை போய் ஸ்டுடியோவைத் திறந்தேன். உள்ளே மருந்து வாசனை அப்படியே இருந்தது. நீ சொன்ன அலமாரியில் நெகட்டிவ் இருந்தது. வாசலுக்குக் கொண்டுவந்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.

காசி, ஒரு கீறல் இல்லை. வெள்ளையில் எள்ளைக் கொட்டினது போல அத்தனையும் இருந்தது. மூட்டமும் இருந்தது.

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. ஜோதியம்மாள் பூவைத் தொடுத்துக்கொண்டே எழுந்து வந்தாள். "என்னங்க அது, எறும்பா?" என்றாள். நட்சத்திரம் என்றேன். நெகட்டிவில் வெள்ளை கறுப்பாகவும் கறுப்பு வெள்ளையாகவும் தெரியும் என்று விளக்கினேன். பெரிய புள்ளி ஆறையும் காட்டி, இவர்கள்தான் உன் ஆறு பேர், மற்றதும் அதே கூட்டம்தான், தூசியில்லை, என்று சொன்னேன். நெகட்டிவுக்குள் மூக்கை நுழைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். கடைசியில் என்ன சொன்னாள் தெரியுமா? "சரி, ஆறு பொம்பளைங்க இருக்கற எடத்துல சொந்தம் பந்தம், புள்ள குட்டி இருக்காதா? காசிதான் யோசிக்காம எல்லாரையும் வெளிய தொரத்திட்டாரு."

ஆகவே இப்போது அவள் என் கட்சி. சைக்கிள் துடைக்கிறவன் இன்னும் உன் கட்சிதான்.

கார்டில் நீ எழுதியிருந்ததைப் பற்றிச் சொல்ல வேண்டும். "பிளேடை எடுத்தேன் மாமா. நெகட்டிவ்ல வெக்கறதுக்கு முன்னாடி அந்தப் புகையப் பாத்தேன். அழுக்குன்னா ஒரு ஓரம் இருக்கும். மூச்சு பட்ட கறையா இருந்தாலும் ஓரம் இருக்கும். இதுக்கு ஓரமே இல்ல. எங்க முடியுதுன்னே தெரியல. கை வெக்க பயமா இருந்துச்சு. பிளேடைக் கீழ வெச்சுட்டேன்" என்று எழுதியிருக்கிறாய். அதனால்தான் பிரிண்டில் மட்டும் மை வைத்தாய், அங்கேயும் மூட்டத்தைத் தொடவில்லை என்றும் எழுதியிருக்கிறாய்.

இதை முதலிலேயே மண்டபத்தில் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? சுத்தம் பண்ணினேன் சுத்தம் பண்ணினேன் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றாயே. ஓரமில்லை என்று நீ எழுதியிருக்கிறாயே, அதை என் புத்தகத்தில்கூட யாரும் இவ்வளவு தெளிவாக எழுதவில்லை. அதற்காக நீ செய்தது சரியாகிவிடாது.

திருவண்ணாமலையில் பிரிண்ட் போடத் தெரிந்த ஸ்டுடியோ இன்னும் இரண்டு இருக்கிறது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்க் கடைக்காரன், "குடுங்க பெரியவரே, சாயங்காலம் வாங்கிக்கோங்க" என்றான். கொடுக்கவில்லை. நீங்களே கற்றுக்கொள்ளுங்களேன் என்று ரேணுகாம்பாள் சொல்கிறாள். கண்ணாடி தேய்க்கக் கற்றுக்கொண்டவனுக்குப் பிரிண்ட் போடுவது பெரிய காரியமா? ஒரு மாதத்தில் கற்றுக்கொள்வேன். ஆனால் கற்றுக்கொள்ள மாட்டேன். நெகட்டிவை எடுத்த உறையிலேயே திரும்ப வைத்தேன். கடையைப் பூட்டினேன். சாவியைக் கொண்டுவந்து அதே கேழ்வரகு டின்னில் போட்டுவிட்டேன்.

இன்னொரு விஷயம். வேட்டவலம் ரோட்டில் கருப்பன் பெண் திரௌபதிக்கு இடம் வந்திருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் போட்டோ கேட்கிறார்கள். கன்னத்தில் தழும்பு இருக்கிற பெண். வேறு கடைக்குப் போகமாட்டேன் என்று உன் பூட்டின கதவை இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள். காசி மாமா எப்போது வருவார் என்று என்னிடமே கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றேன். "ஒங்க மச்சான் வர்றது ஒங்களுக்குத் தெரியாதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

ஆகவே நடக்க வேண்டியதை எழுதுகிறேன். இதில் மாற்றம் கிடையாது.

உன் மாப்பிள்ளை செய்ய வேண்டியது: உனக்குச் சென்னைக்கு டிக்கெட் எடுத்து, அவரே வந்து வண்டியில் உட்கார வைக்க வேண்டும். வண்டி கிளம்பும் வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போக வேண்டும். எல்லம்மாள் குழந்தையோடு மூன்று மாதம் இருந்துவிட்டு வரட்டும். அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை.

முருகையன் செய்ய வேண்டியது: அந்தச் சுத்தியலை வீட்டில் வைத்துவிட்டு, உன் கடைப் பூட்டுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விட வேண்டும். திருகும்போது பிடிக்கிறது. சொல்லிவிட்டேன்.

நீ செய்ய வேண்டியது: வந்ததும் முதலில் திரௌபதியின் போட்டோ. என் படம் அதற்கு அப்புறம்தான். அவள் கன்னத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் மை வை, ஆனால் அவளைக் கேட்டுவிட்டு வை. பிறகு என் நெகட்டிவைப் பெரிதாக ஒரு பிரிண்ட் போடு. பிரிண்ட் காய்கிற வரைக்கும் அந்த பிரஷ்ஷை ஜோதியம்மாளிடம் கொடுத்து வை. அதன் பிறகு இரண்டாவதாக ஒரு பிரிண்ட் போட்டு, அதில் உன் இஷ்டப்படி ஆறை மட்டும் வைத்து மற்றதை எடுத்துவிடு. ஆச்சரியப்படாதே. நட்சத்திரங்கள் இல்லாததால் அந்தப் படத்தில் மூட்டம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. மண்டபத்தில் கோபத்திலும் அதைக் கவனித்தேன். ஆனால் அதன் கீழே நட்சத்திரங்கள் நீக்கப்பட்டவை என்று பெரிதாக எழுது. எடுத்தவர் ராஜமாணிக்கம், நீக்கியவர் காசி என்று இரண்டு பெயரும் போடு. இரண்டையும் எடுத்துக்கொண்டு என்னோடு சென்னைக்கு வா. ஓரமில்லை என்று எனக்கு எழுதினாயே, அதை அந்த அம்மாளிடம் உன் வாயால், அதே வார்த்தையில் சொல். அதே புதுச் சட்டையைப் போட்டுக்கொள். நன்றாகத்தான் இருந்தது.

ரேணுகாம்பாள் செய்ய வேண்டியது: நீ வருகிற அன்றைக்குக் கருவாட்டுக் குழம்பு. நான் சொல்லாமலே கருவாடு வாங்கி வைத்துவிட்டாள். சாவியை அவளே தன் கையால் உன்னிடம் கொடுக்கட்டும்.

நான் செய்ய வேண்டியது: சென்னை மண்டபத்தில் அந்த அம்மாள் என்னைக் கேட்காதவரைக்கும் வாயைத் திறக்கக் கூடாது. இருப்பதிலேயே கஷ்டமான வேலை இதுதான். ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஆடியில் விடியற்காலைக் கிழக்கில் கார்த்திகை மறுபடி தெரியும். மார்கழி அமாவாசைக்கு உச்சிக்கு வந்துவிடும். இந்தத் தடவை ஒரு மணி நேரம் பிலிமைத் திறந்து வைக்கப் பார்க்கிறேன். மூடியைக் கழற்ற நான் வரட்டுமா என்று முருகையன் கேட்டான். அதற்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். அவ்வளவு நேரத்துக்கும் கதை வேண்டும். பம்பாயில் பார்த்ததையெல்லாம் சேர்த்து வை. கையை ஆட்டாமல் சிரிக்க நான் பழகிக்கொள்கிறேன்.

குழந்தை நூறு வயது இருக்கட்டும். உன் உடம்பைப் பார்த்துக்கொள். ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தால் உட்கார்.

இப்படிக்கு,
உன் மாமன்,
ராஜமாணிக்கம்.